கிராம சபையை வகுப்பறையில் விளையாட்டாக நடத்துவது எப்படி? (4, 5-ஆம் வகுப்பு)

வேப்பமரத்தடி:

நான்கும் ஐந்தும் ஒரே அறையில் உட்காரும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மொத்தம் 28 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். உள்ளாட்சி, கிராம சபை, தேர்தல், வரி ஆகிய நான்கையும் விளையாட்டு வழியாக நடத்த வேண்டும். ஸ்மார்ட் போர்டு கிடையாது. 200 ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

தேடினால் கிடைப்பதெல்லாம் ஒன்று வினாடி வினா, இல்லாவிட்டால் "குப்பை போட்டால் பாம்பு, வரி கட்டினால் ஏணி" என்று எழுதிய பரமபத அட்டை. இவற்றை ஆடும் பிள்ளைகள் தலைவரின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று பட்டென்று சொல்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

எந்த விளையாட்டு இந்த வயதுக்குப் பொருந்தும், எத்தனை அட்டை, எத்தனை நிமிடம், எங்கே சொதப்பும் என்று விவரமாகச் சொல்ல முடியுமா?

---

கரும்பலகை:

வினாடி வினா நினைவாற்றலுக்குப் பரிசு கொடுக்கிறது, பரமபதம் அதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கிறது. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். குடிமையியலின் உயிரே "காசு குறைவு, தேவை அதிகம், எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கணும்" என்பதுதான். அதையே விதியாக்கி விடுங்கள். புளியங்கொட்டை போதும், காசு செலவில்லை.

பொருள்கள்: புளியங்கொட்டை 60. பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய தேவை அட்டை 14. சூழல் அட்டை 6. ஒரு டப்பா. ஒரு தீர்மானப் புத்தகம் (சாதா 40 பக்க நோட்டு).

28 பேரை ஆறு தெருவாகப் பிரியுங்கள்: நாலு தெருவில் ஐந்து பேர், இரண்டு தெருவில் நான்கு பேர். ஒவ்வொரு தெருவுக்கும் 5 கொட்டை கொடுங்கள். அதை வீட்டு வரியாக டப்பாவில் போட வேண்டும், 30 ஆயிற்று. அரசு மானியம் என்று நீங்கள் 30 போடுங்கள். ஊராட்சியின் கையில் 60.

தேவை அட்டைகளும் விலையும்: தொட்டி சுத்தம் 2, தெருவிளக்கு 3, குழாய்க் கசிவு 4, மோட்டார் பழுது 5, விளையாட்டுத் திடல் 7, வாய்க்கால் தூர்வாருதல் 8, நூலகக் கூரை 9, பொதுக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் 10, குப்பை வண்டி 11, மயானப் பாதை 12, பொதுக் கழிப்பறை 14, தெருச் சாலை 15. கூட்டினால் சரியாக 100 வரும். கையில் 60தான். விலை விளையாட்டுக்காக வைத்தது, உண்மையான மதிப்பீடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மீதி இரண்டு அட்டைக்கு விலையே கிடையாது: "மாநில நெடுஞ்சாலையில் வேகத்தடை", "சாயங்காலம் இன்னொரு பஸ்". இவை ஊராட்சி செய்யக்கூடிய வேலை இல்லை. தீர்மானம் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் அனுப்பலாம், அவ்வளவுதான். இந்த இரண்டு அட்டையையும் விட்டுவிடாதீர்கள். எது ஊராட்சியின் வேலை, எது இல்லை என்பது இங்கேதான் உறைக்கும்.

சூழல் அட்டை ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று, மற்றவர்களுக்குத் தெரியாது. "உங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார்." "குழாய்க்கு அரை கிலோமீட்டர் நடக்கிறீர்கள்." "பாதிப் பேர் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள்." "மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும்." இப்படி. கடைசி இரண்டு தெருவுக்குப் பெரிய கஷ்டம் எதுவும் எழுதாதீர்கள். வசதியான தெரு எதைக் கேட்கிறது என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யமே.

நேரம்: விதி சொல்ல 5 நிமிடம். தெருவுக்குள் பேசி இரண்டு தேவையைத் தேர்ந்தெடுக்க 8. சபை 12: தெருவுக்கு ஒரு நிமிடம் பேச்சு, பிறகு விவாதம், கை தூக்கி முடிவு. தீர்மானம் எழுதி வாசிக்க 5. கடைசி 10 நிமிடம் பேசுவதற்கு மட்டும். இந்தப் பத்தைச் சுருக்கினால் மீதி முப்பதும் வீண். "யாருடைய தேவை விடுபட்டது? ஏன்? அவர்கள் அடுத்த முறை என்ன செய்யலாம்?" இந்த மூன்று கேள்வி போதும்.

சொதப்பும் இடங்கள்: தெருச் சாலை முதலில் நிறைவேறினால் காசில் கால்வாசி போய்விடும், சின்ன வேலைகள் தொங்கும். தடுக்காதீர்கள், நடக்கட்டும். இன்னொன்று, நன்றாகப் பேசும் இரண்டு பேர் சபையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு ஒருவருக்கு இரண்டு குச்சி கொடுங்கள். பேசும் ஒவ்வொரு முறையும் ஒரு குச்சியைக் கீழே வைக்க வேண்டும், தீர்ந்தால் கேட்க மட்டும்தான்.

---

நாற்பதுநிமிடம்:

கரும்பலகை சார் சொன்ன அமைப்பு நல்லது. மூன்று திருத்தம், ஒரு எச்சரிக்கை.

எச்சரிக்கை முதலில். தெருக்களுக்கு ஊரில் இருக்கும் பெயரை வைக்கவே வைக்காதீர்கள். நம் ஊர்த் தெருப் பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கும். வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை, மருது என்று மரப் பெயர் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியும் பிரிக்காதீர்கள், ஒரே தெருப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் சேர்ந்து உட்காருவார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்.

ஒன்று: குறைவெண் வரம்பு (கோரம்) இல்லாமல் கிராம சபை இல்லை. தமிழ்நாட்டில் மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வகுப்புக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சபை கூடும்போது மூன்று தெருவை "வேலைக்குப் போயிருக்கிறார்கள்" என்று வராந்தாவில் உட்கார வையுங்கள். மிச்சம் இருப்பவர்கள் ஆர்வமாகத் தீர்மானம் போடுவார்கள். நீங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை எண்ணிவிட்டு "14 பேர்தான், செல்லாது" என்று சொல்லுங்கள். வகுப்பே கத்தும். அதற்கு மேல் கோரம் பற்றி விளக்கம் தேவைப்படாது. ஐந்து பேர் தெரு மூன்று வெளியே போனால் உள்ளே 13தான், அதையும் கணக்குப் பார்த்து அனுப்புங்கள். 14 என்றால்தான் "ஒருத்தர் குறைவு" என்ற எரிச்சல் வரும்.

இரண்டு: கிராம சபை உறுப்பினர்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள், அதாவது 18 வயது நிறைந்தவர்கள். விளையாட்டில் எல்லாரும் பெரியவர்களாக நடிக்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் போய் உட்கார்ந்து பார்க்கலாம், கை தூக்க முடியாது.

மூன்று: சபை எப்போது கூடும் என்பதை "வருடத்துக்கு நான்கு முறை" என்று பழைய குறிப்பிலிருந்து சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் உண்டு. இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு தேதியை ஆறு தெருவுக்குப் பிரித்துக் கொடுத்து, அன்றைய சபைக்கு அந்தத் தெருதான் அழைப்பு எழுத வேண்டும் என்று வைத்தால் தேதிகளும் தானாகப் பதியும்.

பரமபதத்தை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. ஏணிக்கு அடியில் வந்தவுடன் ஏறக்கூடாது, ஒரு நிலைமை அட்டையை எடுத்து "நீ என்ன செய்வாய், ஏன்" என்று சொல்ல வேண்டும், எதிரணி ஒப்புக்கொண்டால்தான் ஏறலாம் என்று மாற்றுங்கள். ஆட்டம் இரண்டு மடங்கு நீளும். ஆகவே 100 கட்டம் வேண்டாம், 36 போதும்.

---

வாக்குச்சாவடி:

தேர்தல் பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். தனியாக இரண்டு பாடவேளை வேண்டும். ஒன்றில் மனுத்தாக்கலும் பிரச்சாரமும், அடுத்ததில் வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்.

பெரும்பாலான பள்ளிகளில் மாதிரித் தேர்தல் என்றால் கைப்பேசியில் ஒரு வாக்கு எந்திரச் செயலியை வைத்து அமுக்கச் சொல்கிறார்கள். பீப் சத்தம் கேட்டதும் பிள்ளைகளுக்குக் குஷிதான். ஆனால் 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில்தான் நடந்தது, ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு என்றால் ஒன்றுக்கு இளநீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். நான்கு நிறத் தாளில் செய்தால் மூன்றடுக்கு அமைப்பு கையிலேயே இருக்கும். தொடக்கப்பள்ளிக்கு வெள்ளையும் இளஞ்சிவப்பும் போதும். மற்ற இரண்டைக் காட்டி மட்டும் வையுங்கள். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒன்றியக் குழுத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற வேறுபாட்டை ஐந்தாம் வகுப்புக்கு ஒரு வரியில் சொன்னால் போதும்.

சின்னம்: ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி சார்பற்றது. ஆகவே கட்சிச் சின்னம் எதுவும் வரக்கூடாது. பிள்ளைகளை வரையச் சொன்னால் இலையும் சூரியனும் கட்டாயம் வரும்! நீங்களே பட்டியல் கொடுங்கள்: கத்தரிக்கோல், பூட்டு சாவி, குடை, தண்ணீர்க் குழாய்.

முத்திரை: எல்லாரும் வெண்டைக்காயை வெட்டி அச்சு வைப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் சிக்கல் உண்டு. சீட்டை மடிக்கும்போது மை ஈரம் எதிர்ப்பக்கத்தில் பட்டு இரண்டு சின்னத்திலும் அடையாளம் விழும். வெண்டைக்காய் அச்சு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி, எது அசல் எது ஒட்டியது என்று தெரியாது. உண்மையான வாக்குச்சீட்டு முத்திரை ஒரு பக்கமாகச் சுழலும் அம்புக் குறியாக இருப்பதற்குக் காரணமே இதுதான்: ஒட்டிய அச்சு தலைகீழாகச் சுழலும், எண்ணுபவர் கண்டுபிடித்துவிடுவார். அரை உருளைக்கிழங்கில் கொக்கி வடிவம் செதுக்கிக்கொள்ளுங்கள். ஒட்டிய சீட்டை ஒன்றிரண்டு வேண்டுமென்றே கலந்து, செல்லுமா செல்லாதா என்று முகவர்களை வாதாட விடுங்கள். எண்ணிக்கையில் இதைவிட ருசியான இடம் இல்லை.

சாவடியில் ஐந்து வேலை: பட்டியலில் பெயர் பார்ப்பவர், இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைப்பவர் (ஸ்கெட்ச் பேனா போதும்), சீட்டுக் கொடுப்பவர், பெட்டியைப் பார்ப்பவர், தலைமை அலுவலர். வாக்களிக்கும் இடத்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் மூன்று பக்கத்தை மேஜையில் நிறுத்துங்கள். பெட்டி காலி என்று முகவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டு ஒட்டுங்கள். இதைச் சட்டென்று தாண்டிப் போகாதீர்கள், நம்பிக்கை எப்படிச் செய்முறையாகக் கட்டப்படுகிறது என்பது அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

28 வாக்குக்கு ஒரு பிள்ளைக்கு 20 நொடி என்றால் பத்து நிமிடம் ஆகிறது. சீட்டில் முன்கூட்டியே வரிசை எண் எழுதி வைப்பவர்கள் உண்டு, எழுதாதீர்கள். எண் இருந்தால் யார் யாருக்குப் போட்டார் என்று பிள்ளைகள் பொருத்திப் பார்த்துவிடுவார்கள். உண்மையில் எண் அடிக்கட்டையோடு சேர்த்து அலுவலரின் பொறுப்பில் இருக்கும், அந்த ஏற்பாடு வகுப்பில் கிடையாது. சமவாக்கு வந்தால் குலுக்கல். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஆனால் முறை அதுதான்.

ஆறு வார்டில் மூன்றைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. பையன்கள் "இது அநியாயம்" என்பார்கள். பதில் சொல்லாதீர்கள். ஒதுக்கீடு இல்லாமல் ஒரு சுற்று நடத்தி எத்தனை பெண் பிள்ளைகள் மனுத்தாக்கல் செய்தார்கள் என்று கரும்பலகையில் எழுதுங்கள்.

ஜெயித்தவர்கள் மிட்டாய் வழங்கக்கூடாது. தோற்றவர்களும்தான்.

---

வேப்பமரத்தடி:

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தோடு சேர்ந்தால் பின்தங்கி விடுவார்களே, தனியாக எளிமையாக ஏதாவது உண்டா? மதிப்பிடுவது எப்படி? "நன்றாக விளையாடினான்" என்று பதிவேட்டில் எழுத முடியாது.

---

சுண்ணக்கட்டி:

டீச்சர், நான்காம் வகுப்புக்கு "யாரிடம் போவது?" ஆடுங்கள். தரையில் சுண்ணாம்பால் ஆறு வட்டம்: ஊராட்சி அலுவலகம், விஏஓ அலுவலகம், மின்வாரியம், ஆரம்ப சுகாதார நிலையம், நெடுஞ்சாலைத் துறை, ரேஷன் கடை. ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் அலுவலர், ஐந்தாம் வகுப்பிலிருந்து எடுங்கள், கலவை வகுப்புக்கு அது வசதி. நான்காம் வகுப்பு ஜோடி ஜோடியாகப் புகார்ச் சீட்டு எடுத்து 20 நொடிக்குள் வட்டத்துக்குப் போக வேண்டும்.

24 சீட்டு போதும். அதில் பாதி எளிது, பாதி ஏமாற்றுச் சீட்டாக இருக்க வேண்டும். "தெருவிளக்கு எரியவில்லை" ஊராட்சி. "மின்கம்பி அறுந்து கிடக்கிறது" மின்வாரியம். இரண்டும் ஒரே கம்பத்தில்தான் நடக்கும், வட்டம் வேறு. "எங்கள் தெருவில் பள்ளம்" ஊராட்சி. "மாநில நெடுஞ்சாலையில் பள்ளம்" நெடுஞ்சாலை. "அரிசி எடை குறைவு" ரேஷன் கடை. ஆனால் "ரேஷன் கார்டில் தங்கை பெயரைச் சேர்க்கணும்" என்றால் அந்தக் கடையால் ஆகாது, வட்ட வழங்கல் அலுவலகம். அதற்கு வட்டமே வரைந்திருக்க மாட்டீர்கள், அதுதான் சூட்சுமம்: அலுவலர் எங்கே போகணும் என்று வழி சொல்ல வேண்டும்.

புள்ளி: சரியான வட்டத்துக்கு 1. ஏன் என்று காரணம் சொன்னால் இன்னும் 2. தப்பான வட்டத்துக்குப் போனால் வெளியேற்றம் கிடையாது. அலுவலர் "இது எங்க வேலை இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அலுவலருக்கு ஒரு புள்ளி குறையும். சரியான இடத்தைச் சொல்லி அனுப்பினால் அவருக்கு 1. (பெரியவர்கள் சிலருக்கும் இந்த விதி பொருந்தும், அது வேறு விஷயம்.) ஓட விடாதீர்கள், வேக நடை மட்டும். ஓடினால் யோசிப்பது நின்று, யார் முந்துகிறார்களோ அவர்கள் பின்னாலேயே போவார்கள்.

சீட்டு எழுதும்போது உங்கள் ஊரில் எது யார் கையில் என்று ஊராட்சிச் செயலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து போகும் சாலை சில ஊரில் நெடுஞ்சாலைத் துறையிடம், சில ஊரில் ஒன்றியத்திடம் இருக்கும். பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா "தப்பு" என்று சொல்லிவிடுவார், அதோடு விளையாட்டின் மதிப்புப் போச்சு.

மதிப்பீடு: ஆடுவதற்கு முன் நான்கு புகாரைக் கரும்பலகையில் எழுதி, யாரிடம் சொல்வாய் என்று சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வேறு நான்கு புகார், அதே கடினத்தில். இரண்டையும் ஒப்பிட்டால் வளர்ச்சி தெரியும். அன்றே வாங்கினால் நினைவில் இருப்பது மட்டும்தான் வரும். கிராம சபைக்குத் தீர்மானப் புத்தகமே சான்று. மூன்றே அளவுகோல் வையுங்கள்: தேவையைக் காரணத்தோடு சொன்னானா, அடுத்தவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னானா, தன் தேவை தோற்றபோது அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வழி சொன்னானா. ஒரு சபைக்கு ஏழு பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். 28 பேரையும் ஒரே நாளில் கவனிக்கப் பார்த்தால் யாரையும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

---

பொட்டிக்கடை:

கணினி ஆய்வகம் உள்ள பள்ளிக்கு ஐசிவிக்ஸ் (குடிமையியலைக் கணினி விளையாட்டாகக் கற்பிக்கும் இணையதளம்) நல்லது என்று வேறொரு இழையில் எழுதியிருந்தார்கள். அதைப் பயன்படுத்தலாமா?

---

கரும்பலகை:

ஐசிவிக்ஸ் அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் 2009-இல் தொடங்கியது. தரமான வேலை. ஆனால் அவர்களுடைய அதிபர், காங்கிரஸ், அவர்களுடைய அரசமைப்பு. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதை ஆடினால் ஊராட்சித் தலைவருக்கும் வீட்டோ உண்டு என்று நினைத்துக்கொள்ளும். ஆங்கிலமும் அதிகம். ஆசிரியர் ஒருமுறை ஆடிப் பார்த்து, முடிவெடுக்க வைக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வேப்பமரத்தடி டீச்சருக்கு ஒரு சேர்க்கை. கிராம சபை நன்றாக ஓடிவிட்டால் அடுத்த வாரம் வரியை மறைவாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தெருவும் 5 கொட்டையில் எத்தனை வேண்டுமானாலும் கைக்குள் மூடிப் போடலாம். வைத்துக்கொண்டது அந்தத் தெருவின் சொந்தப் புள்ளி. மானியம் அதே 30. டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். 60 வரவேண்டிய இடத்தில் குறைவாகத்தான் வரும், இரண்டு வேலை நின்றுபோகும். வரி போடாத தெருவிலும் விளக்கு எரியும். அங்கே சண்டை வரும், வரட்டும். "யார் போடவில்லை" என்று கண்டுபிடித்துத் திட்டுவதாக மாறினால் மட்டும் நிறுத்தி, "எல்லாரும் போட என்ன விதி வைக்கலாம்" என்று கேளுங்கள். அபராதம் என்பார்கள், ரசீதை ஒட்டணும் என்பார்கள், இல்லாதவர்களுக்குக் குறைக்கணும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். வரும் விதிகளை வாக்கெடுப்புக்கு விட்டு, ஜெயித்த விதியோடு மூன்றாவது சுற்றை உடனே ஆடுங்கள். சுற்று சின்னது, எட்டு நிமிடத்தில் முடியும்.

ஒரு கணக்குக் குறிப்பு: நிஜத்தில் பெரும்பாலான ஊராட்சிகளில் சொந்த வரி வருவாயைவிட மானியமே பெரிது. பாதிக்குப் பாதி என்று வைத்தது பிள்ளைகளுக்குக் கூட்டல் எளிதாக இருக்கத்தான். யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

---

வேப்பமரத்தடி:

திங்கள் "யாரிடம் போவது", புதன் கிராம சபை என்று வைத்துக்கொள்கிறேன். தேர்தலை நவம்பர் 1-க்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளுகிறேன். புகார்ச் சீட்டு 24-ஐயும் எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன், சாலை யார் கையில் என்பதை மட்டும் ஊராட்சிச் செயலரிடம் கேட்க வேண்டும்.